வாரநாட்களில் ஒரு கடற்கரை நகரம்

செராஸ் வட்டாரத்தில் குடியிருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம், பள்ளி விடுமுறை வந்ததும் கடலைக் காண வேண்டுமென்று ஆசை கொள்ளுமாயின், அவ்வாசை பெரும்பாலும் ஒரே திசையைத்தான் நாடுகிறது. காஜாங்கைக் கடந்து, லெக்காஸ் நெடுஞ்சாலையில் ஏறி, சிரம்பானை அடைந்து, அங்கிருந்து கடலை நோக்கித் திரும்பினால் போர்ட்டிக்சன். சனிக்கிழமை விடியலில் புளிச்சாதமும் கோழிப் பிரட்டலும் கட்டிக்கொண்டு புறப்பட்டு, தெலுக் கெமாங் கரையில் மர நிழல் பார்த்துப் பாய் விரித்து, பிள்ளைகளை அலையில் விளையாட விட்டு, மறுநாள் மாலை வாகன நெரிசலில் ஊர்ந்து வீடு திரும்புவது நம்மவரிடையே தலைமுறைப் பழக்கமாகவே நிலைத்துவிட்டது. இப்பழக்கத்தைக் குறை கூற எனக்கு மனமில்லை. வாரம் முழுவதும் அடுக்குமாடி வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே அலைந்து சோர்ந்த மனிதனுக்குச் சமுத்திரக் காற்று ஓர் ஔஷதம். அதை அவனுக்கு மறுக்கும் உரிமை எவருக்கும் கிடையாது. நான் கேட்க விரும்புவது ஒன்றே. ஞாயிறு மாலையில் நாம் விட்டுவிட்டு வருகின்ற அந்த ஊர், திங்கட்கிழமை காலையில் எவ்வாறு இருக்கிறது?

கடற்கரை நகரத்தின் நலத்தை அதன் சனிக்கிழமைக் கூட்டத்தைக் கொண்டு அளப்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. எத்தனை பேர் வந்தனர், எத்தனை அறைகள் நிரம்பின, எத்தனை மாடிகள் எழும்பின என்பவையே வளர்ச்சியின் அடையாளங்களாக எடுத்துரைக்கப்படுகின்றன. அந்நகரத்தை அதன் வாரநாட்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில் முதியவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்குச் செல்லப் பேருந்து கிடைக்கிறதா, ஐந்தாம் படிவம் முடித்த இளைஞனுக்கு ஊரிலேயே நிலையான உத்தியோகம் உண்டா, மீனவன் தன் படகை ஏற்றி வைப்பதற்குக் கரையில் இடம் மிஞ்சியிருக்கிறதா என்ற வினாக்களுக்கு நல்ல விடை தருகின்ற ஊரே, இரண்டு நாள் தங்க வருகின்ற விருந்தினருக்கும் நல்ல ஊராக அமையும்.

போர்ட்டிக்சன் ஈயத்தால் பிறந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அதன் அண்டையிலுள்ள லூக்குட், ராஜா ஜுமாத்தின் ஆளுகையில் ஈயச் சுரங்கங்களால் செழித்து, 1847-இல் குன்றின் மேல் ஒரு கோட்டையும் கண்டது. பின்னர், சுங்கை ஊஜோங் பிரதேசத்தின் ஈயத்தைக் கப்பலேற்றுவதற்கென்று ஆங்கிலேயர் இந்தத் துறையைச் சீர்செய்து, ஜலசந்திக் குடியேற்றங்களின் உயர் அதிகாரியாயிருந்த ஜான் பிரெடெரிக் டிக்சனின் பெயரை அதற்குச் சூட்டி, 1891-இல் சிரம்பானிலிருந்து கடல் வரை இருப்புப்பாதையும் போட்டனர். கிள்ளானுக்கருகே போர்ட் சுவெட்டன்ஹாம் 1901-இல் திறக்கப்பட்டுப் பெருங்கப்பல்களைத் தன்பால் ஈர்த்துக்கொண்ட பிறகு, சரக்குத் துறை என்ற பெருமை இவ்வூருக்கு மெல்ல மெல்லத் தேய்ந்தது. அதன் நீண்ட மணற்கரையோ, தோட்டத்துத் துரைமார்களும் அரசாங்க அதிகாரிகளும் பங்களா கட்டிச் சுகவாசம் செய்யும் ஸ்தலமாக மாறியது. அந்தப் பங்களாக்களுக்குப் பின்னால், ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில், தமிழ்ப் பால்மரத் தொழிலாளிகள் வாழ்ந்தார்கள். சுவா பெத்தோங், சுங்காலா போன்ற தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அந்த வாழ்வுக்கு இன்றைக்கும் சாட்சி கூறி நிற்கின்றன.

ஆகவே போர்ட்டிக்சனில் வாழ்கின்ற தமிழரை நாம் அங்கே காணும்போது, சுற்றுலாத் தொழிலுக்காக வந்து சேர்ந்தவர்கள் என்று எண்ணிவிடலாகாது. ஹோட்டல்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே அவர்கள் அங்கிருந்தவர்கள். அவர்களோடு ராணுவ முகாம்களின் சிப்பாய்க் குடும்பங்கள், 1960-களில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் தொழிலாளர்கள், மின் நிலைய ஊழியர்கள், மலாய்க் கம்பங்களின் மீனவர்கள், சீனக் கடைக்காரர்கள் என்று பலதரப்பட்ட ஜனங்கள் சேர்ந்ததே அந்நகரம். இவர்களுள் எவரும் வார இறுதிக்காக வாழ்பவர்கள் அல்லர். ஆயினும் ஊரின் சாலையும் நீரும் நிலமும் வார இறுதிக்கென்றே திட்டமிடப்படுகின்றன.

இத்தகைய திட்டத்தின் விளைவை அங்கே கண்கூடாகக் காணலாம். 1990-களின் செழிப்பான ஆண்டுகளில், கடலைப் பார்த்த அறைகளை விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையிலே கரையோரமெங்கும் கட்டடங்கள் எழுந்தன. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்ததும் அவற்றுள் பல பாதியிலேயே கைவிடப்பட்டன. ஜன்னலும் கதவுமின்றி, சுவரில் பாசி படர்ந்து, உள்ளே செடி முளைத்து நெடுங்காலம் நின்ற அந்தச் சிமெண்டு எலும்புக்கூடுகளைப் பார்க்காமல் அக்கரையில் பிரயாணம் செய்தவர் குறைவு. கட்டி முடிக்கப்பட்டவற்றிலும் ஒரு பெரும் பகுதி, சொந்தக்காரர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வெள்ளி முதல் ஞாயிறு வரை விளக்கெரிந்து மற்ற நாட்களில் இருண்டு கிடக்கிறது. இருண்டு கிடக்கும் வீட்டிலிருந்து காலையில் பள்ளிக்குப் புறப்படும் குழந்தை இல்லை. மளிகைக் கடைக்கு வரும் வாடிக்கை இல்லை. கழிவுக் குழாய் உடைந்தால் மன்றத்துக்குச் சென்று முறையிடும் குடிமகன் இல்லை. கூட்டம் திரளும் இரண்டு நாட்களில் மட்டும் கழிவு நீரும் குப்பையும் பன்மடங்காகின்றன; அவற்றைத் தாங்கும் வசதியைப் பராமரிக்கும் சுமையோ ஏழு நாட்களும் வாழும் சிலர்மேல் விழுகிறது. கடல் நீரின் தூய்மை குறித்து அவ்வப்போது எழும் அச்சத்துக்கு மூலகாரணம் இந்த ஏற்றத்தாழ்விலே பெரிதும் இருக்கிறதென்று நான் கருதுகிறேன்.

2018 அக்டோபர் 13-ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலில் அன்வார் இப்ராஹிம் போர்ட்டிக்சனில் வெற்றி பெற்று நாடாளுமன்றத்துக்குத் திரும்பியபோது, நாட்டின் பத்திரிகைகளெல்லாம் சில வாரங்கள் அவ்வூரைப் பற்றிப் பேசின. பேச்சில் மிகுந்திருந்தது சுற்றுலாவே. பேருந்தைப் பற்றிய பேச்சு குறைவாகவே காதில் விழுந்தது.

பேருந்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செராஸிலிருந்து சொந்த வாகனமின்றிப் போர்ட்டிக்சனுக்குச் செல்ல எண்ணும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 2017 ஜூலையில் முழுமையாகத் திறக்கப்பட்ட எம்.ஆர்.டி. அவரைக் காஜாங் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதே நிலையத்தில் கே.டி.எம். கொமியூட்டர் ரயிலுக்கு மாறிக்கொண்டால் சிரம்பான் வரை நிம்மதியாக அமர்ந்து போகலாம். மிஞ்சியிருப்பது சுமார் முப்பது கிலோமீட்டர். எந்த முப்பது கிலோமீட்டருக்கு 1891-இலேயே ரயில் ஓடியதோ, அந்தக் கடைசிப் பகுதியில்தான் இன்று ரயில் இல்லை. சிரம்பான் பேருந்து நிலையத்துக்கு நடந்து சென்று, வருகின்ற வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். ஈயத்தையும் காப்பியையும் ரப்பரையும் ஏற்றிச் செல்லும் அவசியம் இருந்தபோது பாதை இருந்தது. மனிதர் மட்டுமே பிரயாணம் செய்ய வேண்டிய காலம் வந்ததும் பாதை அநாவசியமாகத் தோன்றிற்று. மலாயா ரயில்வேயில் பரம்பரையாகப் பணி செய்தவர்கள் நம்மவர். பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த யாழ்ப்பாணத்துத் தமிழர் நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும், தமிழ்நாட்டுத் தொழிலாளர் தண்டவாளம் போடுபவர்களாகவும் பராமரித்து வளர்த்த அந்த ரயில்வேயின் கிளையொன்று மறைந்துபோனதைக் குறித்து நாம் வருந்துவதில் நியாயமுண்டு.

இங்கிலாந்திலே லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே 1841-இல் ரயில் ஓடத் தொடங்கியதும், அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் கடல் ஸ்நானம் செய்துவந்த ஊருக்குத் தொழிலாளிகள் ஒரு நாள் பிரயாணமாகச் சென்று வரலாயினர் என்பதைச் சரித்திரம் படித்தவர் அறிவர். அவ்வூரில் நடந்த மற்றொரு காரியத்தையும் கவனிக்க வேண்டும். தினமும் ஓடும் ரயில் விருந்தினரை அழைத்துச் சென்றதோடு நில்லாமல், அங்கே வாழ்ந்தவரை வேலைக்கு அனுப்பி மாலையில் திருப்பிக் கொணர்ந்தது. ஊர் வாரநாட்களிலும் உயிர்ப்போடு இருந்தது. செராஸின் ஏழைக் குடும்பம் கடலை எட்டுவதற்கான வழியும், போர்ட்டிக்சனின் இளைஞன் சிரம்பானுக்கோ காஜாங்குக்கோ வேலைக்குச் சென்று இரவில் தன் வீட்டிலேயே உறங்குவதற்கான வழியும் ஒரே வழிதான். நெடுஞ்சாலை அந்த இருவரையும் சேர்ப்பதில்லை. வாகனம் உடையவரை மட்டும் சேர்க்கிறது. அவரும் டோல் கட்டி, நெரிசலில் வெந்து, வாகனம் நிறுத்த இடம் தேடிக் கரையோர மரங்களின் வேர்மேலேயே ஏற்றி நிறுத்துகிறார்.

இதற்கு மாறாக மோரிப்பைப் பாருங்கள். பந்திங்குக்கு அப்பால், சிலாங்கூரின் பழைய அரசிருக்கையான ஜுக்ராவுக்கு அருகே உள்ள அந்தக் கரை, அழகில் போர்ட்டிக்சனுக்கு ஈடாகாது. ஆறுகள் கொணர்ந்து சேர்த்த வண்டல் நிலமாதலால், நீர் வற்றும் வேளையில் கடல் வெகு தொலைவு பின்வாங்கிச் சேறு தெரியும். 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஜப்பானியர் சரணடைந்த பிறகு, முன்னரே வகுத்திருந்த திட்டப்படி இந்திய 25-ஆவது டிவிஷன் துருப்புகள் அக்கரையில் இறங்கியபோது, அவர்களுடைய வண்டிகள் பல இந்தச் சேற்றிலே புதைந்து அசையாமல் நின்றன. எதிர்த்துச் சுட ஒரு படை இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ராணுவ ஆசிரியர்கள் பின்னாளில் விவாதித்ததுண்டு. அந்த இறக்கத்தின் நினைவுச் சின்னம் இன்றும் அங்கே நிற்கிறது. இத்தகைய கரையில் ஆடம்பர ஹோட்டல்கள் வரிசையாக எழ வழியில்லாமற் போனது ஒரு வகையில் நன்மையாயிற்று. கிள்ளானிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் எளியவர்கள் மாலையில் வந்து காற்று வாங்குகிறார்கள். கடைகளில் பொரித்த மீனும் இளநீரும் வாங்குகிறார்கள். ஆடி அமாவாசையன்று மூதாதையருக்கு எள்ளும் நீரும் இறைக்கவும், அஸ்தி கரைக்கவும் இத்தகைய கரைகளுக்கே நம் ஜனங்கள் வருகிறார்கள். நுழைவுக் கட்டணமோ காவலாளியோ இல்லாத கரையாகையால், துக்கத்தோடு வருபவனும் சந்தோஷத்தோடு வருபவனும் அங்கே ஒருவரையொருவர் இடையூறின்றிக் கடந்து செல்ல இயலுகிறது. ஒரு சமூகத்துக்குக் கடற்கரை எதற்கெல்லாம் வேண்டியிருக்கிறது என்பதை ஹோட்டல்காரர்கள் தயாரிக்கும் அறிக்கைகளில் எங்கும் காண முடியாது. மோரிப்பில் ஒரு மாலை நின்றால் காணலாம்.

நம் முன்னோருக்கும் கடலுக்கும் இருந்த உறவு ஓய்வின் உறவன்று. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுற்ற பின்னும், 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரையிலும், கங்காணிகளின் மூலம் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, தனிமுகாமில் நாட்களைக் கழித்து, உடனே உள்நாட்டுத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். கடலோர ஊர் அவர்களுக்கு ஒரு வாசல் மட்டுமே. அங்கே தங்கி நிற்க அனுமதி இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் இன்று செராஸிலும் கிள்ளானிலும் வீடு வாங்கி, விடுமுறைக்குக் கரையை நாடிப் போகிறோம் என்பது பெரிய முன்னேற்றந்தான். அந்த முன்னேற்றம், கரையைக் காசுள்ளவருக்கென்று வேலியிட்டு அடைப்பதில் போய் முடியுமாயின், நம்முள்ளேயே பாதிப் பேருக்கு வாசல் மீண்டும் மூடப்படும்.

வேலி என்றேன். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், கரைக்கோட்டுக்கும் தாழ்நீர்க் கோட்டுக்கும் இடைப்பட்ட நிலத்தைத் தனி வகையாகவே வரையறுத்திருக்கிறது. சட்டத்தில் அந்நிலம் பொதுவுடைமைக்கு நெருங்கியதாயினும், அதை அடைவதற்குரிய பாதை தனியார் முற்றத்தின் வழியே மட்டும் செல்லுமானால் பயன் என்ன? இந்தியாவில் 1991-இல் வெளியான கரையோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர்நீர்க் கோட்டிலிருந்து 500 மீட்டர் தூரம் வரையுள்ள நிலத்தை ஒரே ஒழுங்கின்கீழ்க் கொணர முயன்றது. அதன் பிறகு எத்தனையோ திருத்தங்கள் வந்து அதைத் தளர்த்தின என்றாலும், கரை என்பது தேசத்தின் பொறுப்பு என்ற தத்துவம் அங்கே எழுத்தில் நிலைபெற்றது. சென்னை மெரினாவில், கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் அமைத்த நடைபாதையும் அதற்கப்பால் விரிந்த மணலும் இன்றளவும் எவர்க்கும் திறந்திருப்பது நமக்கெல்லாம் பெருமையே. ஆனால் அதே மெரினாவில், 1985-இல் அழகுபடுத்தல் என்ற பெயரால் மீனவரின் படகுகளையும் வலைகளையும் அகற்ற அரசாங்கம் முற்பட்டபோது, மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிர் துறந்தார்கள். வந்து பார்ப்பவரின் கண்ணுக்காக, அங்கேயே வாழ்பவரின் தொழிலை ஓர் அசுத்தமாகக் கருதும் மனப்பான்மை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் முனை இருக்கிறது. நெகிரி செம்பிலான் சூழ நின்றாலும் அம்முனை மலாக்கா மாநிலத்துக்குரிய நிலம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அங்கே கலங்கரை விளக்கம் வைத்தார்கள். இப்போது நிற்கும் கோபுரம் 1863-இல் எழுந்தது. 1606-இல் டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் அதன் எதிரே கடற்போர் புரிந்தனர். இவ்வளவு சரித்திரத்தைக் காட்டிலும் எனக்கு அங்கே அருமையாகத் தோன்றுவது, கரையோரத்தில் அழியாமல் எஞ்சிய அந்தக் காடு. ஆண்டுதோறும் மார்ச் மாத வாக்கில், சுமாத்திராவிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன் பருந்துகள், வெயிலில் எழும் வெப்பக் காற்றை நம்பிப் பறப்பவையாதலால், கடலின் மேல் அந்தக் காற்று கிடைக்காமல் களைத்து, முதலில் தென்படும் இந்த முனையின்மேல் தாழ்ந்து வருகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே பொதுமக்களை அழைத்து அவற்றைக் காட்டி வருகிறது. அறைக்குப் பணம் கட்டாமலே, ஒரு தமிழ்ப்பள்ளி மாணவன் தன் ஊரில் இருந்துகொண்டு உலகின் பெரும் வலசையொன்றை அண்ணாந்து பார்க்க முடிகிறதென்றால், அதுவே ஒரு கடற்கரை நகரத்தின் மெய்யான செல்வம். அக்காட்டை வெட்டி அங்கே மாடி எழுப்பியிருந்தால் வருமானம் கிடைத்திருக்கும்; பருந்துகள் இறங்க இடம் இருந்திராது.

கரையரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1985-இல் நிறைவுற்ற தேசியக் கரையரிப்பு ஆய்வு, ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளமுள்ள நம் கடற்கரையில் சுமார் 29 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டது. நீருக்கு மிக நெருங்கிக் கட்டப்படும் ஒவ்வொரு சுவரும் அடுத்த வீட்டுக்காரரின் மணலைத்தான் விலையாகக் கொடுக்கிறது.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கடலோரத்தில் குடியேறிவிட வேண்டும் என்ற எண்ணம் நம்மவர் பலருக்கு உண்டு. அதை நான் மனமார வரவேற்கிறேன். இருண்ட வீடுகளில் நிரந்தரமாக விளக்கெரிய அதைவிட நல்ல வழியில்லை. அவ்வாறு போகிறவர்கள் ஜன்னலிலிருந்து தெரியும் அஸ்தமனத்தை மட்டும் பார்த்து வீடு வாங்காமல், நகரத்து ஆஸ்பத்திரியில் என்ன சிகிச்சை கிடைக்கும், எதற்கெல்லாம் சிரம்பானுக்கு ஓட வேண்டும், கண் மங்கி வண்டியோட்ட இயலாத நாளில் மருந்துக் கடைக்கு எப்படிப் போவது என்று விசாரித்துப் போக வேண்டும். போனபின் தம் வாக்கையும் அவ்வூருக்கே மாற்றிக்கொண்டு, மன்றக் கூட்டங்களிலும் பள்ளி வாரியத்திலும் ஆலயத்திலும் ஊராரோடு ஊராராக அமர வேண்டும். ஆசிரியராகவும் கணக்கராகவும் தாதியராகவும் முப்பது ஆண்டு உழைத்தவர்களின் அனுபவம் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குக் கிடைக்குமானால் அதன் மதிப்பு சாமானியமானதல்ல.

குடியேற முடியாதவர்களாகிய மற்ற நம் போன்றோர் செய்யக்கூடியதும் உண்டு. செராஸ் வட்டாரச் சங்கங்களும் ஆலயங்களும் ஆண்டுக்கொருமுறை பேருந்து அமர்த்திக் குடும்பங்களைக் கடலுக்கு அழைத்துச் செல்கையில், உணவை இங்கிருந்தே பெட்டியில் அடைத்துச் சுமந்து போகாமல் அவ்வூர்ப் பெண்கள் சமைக்கும் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யலாம்; நீண்ட பள்ளி விடுமுறையில் சனி ஞாயிறைத் தவிர்த்துப் புதன்கிழமையைத் தேர்ந்துகொள்ளலாம். போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகம், ஒவ்வொரு பொதுக் கரையிலும் அந்த வாரத்துக் கடல் நீரின் தூய்மை நிலையை எல்லோரும் படிக்கும் வண்ணம் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை, அங்கே வரி செலுத்துவோருக்கும் குளிக்கச் செல்லும் நமக்கும் ஒருங்கே உண்டு. பழைய இருப்புப்பாதையை மீட்பதற்குப் பணமும் காலமும் வேண்டும். அரசாங்கம் அதை ஆராயட்டும். அதுவரை, சிரம்பான் ரயில் நிலைய வாசலிலேயே புறப்பட்டு, கொமியூட்டர் வருகைகளோடு நேரம் இணைத்து, வாரத்தின் ஏழு நாளும் இரவு பத்து மணி வரை தெலுக் கெமாங் சென்று திரும்பும் பேருந்து ஒன்றை அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன்பே தொடங்கிவிட முடியும்.